நாவல் மரத்துக் கலயம்

வாலாஜாபாத்துக்குப் புதிதாக வருபவர்கள் ஆற்றைப் பார்த்து ஏமாந்து போவார்கள். நவாப்பின் பெயரைத் தாங்கிய ஊர், ஒரு காலத்தில் கம்பெனிப் படை தங்கியிருந்த ஊர் என்றெல்லாம் கேள்விப்பட்டு வருவார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கட்டடங்கள் இரண்டொன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவின் கோடியில் கரைமேல் ஏறி நிற்பார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல் கிடக்கும். அக்கரைப் பனைகள் புள்ளிகளாகத் தெரியும். “ஆறு எங்கே?” என்று அவர்கள் கேட்டால், நாவல் மரத்தடியில் பீடி புகைத்துக்கொண்டிருக்கும் ரத்தினம் எழுந்திருக்காமலே விடை சொல்வார்.

“கீழ ஓடுது சார். மேல பார்த்தா இன்னா தெரியும்?”

அது பொய்யன்று. பாலாறு மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. ஆற்றின் நடுவே செங்கல்லால் கட்டிய வட்டக் கிணறு ஒன்று உண்டு. அதன் தலையில் ஒரு மோட்டார் அறை. ஊருக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வந்தது. அந்த மோட்டாரை ஓட்டுவது ரத்தினத்தின் வேலை. பேரூராட்சியில் கூலியாளாகச் சேர்ந்து, வேலை நிரந்தரமாகி, தலையும் நரைத்துவிட்டது. அவருடைய ஓட்டு வீடு கரையிலேயே, மரத்துக்குப் பின்னால் இருந்தது. பெண்கள் இருவரையும் அரக்கோணம் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் அவரும் மனைவி ராஜம்மாவுமே இருந்தனர்.

அந்த நாவல் மரம் சாதாரண மரமன்று. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இறந்தவரை எரித்த பின்னர், எலும்பையும் சாம்பலையும் மண் கலயத்தில் சேர்த்து ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள். ஆறு வறண்டிருந்தால் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரில் கரைத்து, மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். பெரும்பாலோர்க்கு அது போதும். சிலருக்கு மட்டும் மனம் ஒப்பாது. ஓடுகிற தண்ணீரில்தான் விடுவோம் என்பார்கள். வாசலைத் தாண்டிய கலயம் வீடு திரும்பக் கூடாது என்பதால், அதன் வாயை மஞ்சள் துணியால் கட்டி, நாவல் மரக் கிளையில் தொங்கவிட்டு, “தண்ணி வந்தா சொல்லியனுப்புங்க” என்று ரத்தினத்திடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். அந்த வேலைக்கு அவரை எவரும் நியமிக்கவில்லை. முதலில் ஒருவர் சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை. பிறகு அதுவே வழக்கமாயிற்று.

“யோவ், நீ ஊருக்குத் தண்ணி வுடறியா, சட்டிக்குக் காவல் கீறியா?” என்று ராஜம்மா கேட்பாள். “வாசல்ல வந்து நின்னா, வரிசையாத் தொங்கிக்கினு என்னையே பார்க்கறாங்க.”

“பார்க்கட்டுமே. இந்த வயசுல உன்னைப் பார்க்க வேற யாரு கீறாங்க?”

“வாய் மட்டும் வத்தறதே இல்ல, ஆறு வத்தினாலும்” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே போவாள். ஒரு நிபந்தனையில் மட்டும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை: எந்தக் கலயமும் தன் வீட்டுப் படியேறக் கூடாது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், சேரப்பணஞ்சேரியிலிருந்து தசரதன் என்ற குடியானவர் ஒரு கலயத்தோடு வந்தார். அவருடைய ஒரே மகன் சிவசங்கர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் இரும்புக் குழாய் செய்யும் பட்டறையொன்றில் இரவு ஷிப்ட் முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பியபோது, ஒரகடம் கூட்டுச்சாலையில் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எந்த லாரி என்று தெரியவில்லை. சாலையில் நீளமாகச் சொட்டியிருந்த ஈரத்தைக் கொண்டு, ஆற்று மணல் ஏற்றிய லாரி என்பது மட்டும் தெரிந்தது.

“கல்யாணம் ஆவாத புள்ள” என்றார் தசரதன். “எங்க வூட்டு வழக்கத்துல, அப்படிப்பட்டவங்கள ஊத்துல மூடறது இல்லீங்க. ஓடற தண்ணிதான்.”

ரத்தினம் தலையசைத்து, கீழ்க்கிளை ஒன்றைக் காட்டினார். அன்றும் ஆற்றுக்குள் மணல் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எங்கும் புதுக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. தசரதன் அந்த லாரிகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கயிற்றை முடிந்தார்.

அடுத்த அமாவாசையன்று பெண்ணொருத்தி தனியாக வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. மரத்தடியில் நின்று ஒவ்வொரு கலயமாக அண்ணாந்து பார்த்தாள்.

“யாரும்மா வேணும்?”

“சேரப்பணஞ்சேரிச் சட்டி எதுண்ணா?”

ரத்தினம் காட்டினார். அவள் அதன் நேர் கீழே உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். வேகவைத்த வேர்க்கடலை. ஒரு பிடியை மரத்தடியில் வைத்துவிட்டு, மீதியை மடியில் கொட்டி உரித்துக்கொண்டே இருந்தாள். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. அவள்தான் சிவசங்கரின் தாய் பாப்பம்மாள்.

வெயில் ஏறிய பின்னர் ராஜம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “பொம்பளைங்க இங்கெல்லாம் வர்றது இல்லம்மா” என்றாள்.

“தெரியும் அண்ணி. சுடுகாட்டுக்கும் வுடல. வாசலோட நிறுத்திட்டாங்க.” பாப்பம்மாள் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “அவன் போகும்போது கிட்ட யாரும் இல்ல. ரோட்டுல கெடந்தான். விடிஞ்சப்புறம் பால்காரர் பார்த்துச் சொன்னாரு. எரிக்கும்போதும் நான் இல்ல. இதுதான் பாக்கி கீது. இதுக்காவது நான் இருக்கணும்.”

பிறகு ரத்தினத்தைப் பார்த்துச் சொன்னாள்: “தண்ணி வந்தா எனக்குச் சொல்லுண்ணா. அவருக்கு இல்ல, எனக்கு. நானே என் கையால வுடறேன்.”

“சரிம்மா.”

“நேர்ல வந்து சொல்லணும்.”

“வரேன்.”

ரத்தினம் தம் வாழ்நாளில் பலரிடம் பலமுறை ‘சரி’ என்று சொல்லியிருக்கிறார். குழாயில் நீர் வராத தெருக்காரர்களிடம் நாள்தோறும் சொல்வார். அந்தச் சரிகளெல்லாம் சொன்ன இடத்திலேயே உதிர்ந்துவிடும். இந்தச் சரி மட்டும் முள்ளைப் போல உள்ளே போய்த் தங்கிவிட்டது.

அதன் பின்னர் ஒவ்வோர் அமாவாசைக்கும் பாப்பம்மாள் வந்தாள். தாம்பரத்திலிருந்து வரும் பேருந்தில், படப்பையைத் தாண்டியதும் ஏறி, ஒரகடம் கூட்டுச்சாலை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, வாலாஜாபாத்தில் இறங்குவாள். மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுச் செய்தியெல்லாம் சொல்வாள். பசு கன்று போட்டது; அப்பாவுக்கு மூட்டுவலி; தங்கை மஞ்சுளா பத்தாவது முடித்துவிட்டாள்; கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைவு. சில வேளை கோபித்துக்கொள்வதும் உண்டு. “அன்னிக்கு ஓட்டி வேணாம்டான்னு சொன்னேனே, கேட்டியாடா?” என்று அவள் கேட்கும்போது, ரத்தினம் எழுந்து மோட்டார் அறைப் பக்கம் நடந்துவிடுவார். கூடுதல் நேர வேலைக்கு ஓட்டி என்று பெயர் என்பது அவருக்கு அவள் மூலமாகத்தான் தெரிந்தது.

வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அந்தக் குண்டுவெடிப்புக் கொடுமைக்குப் பின்னர், சாலையெங்கும் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அடுத்த அமாவாசையன்று அவளைப் பேருந்திலிருந்து இறக்கி, தூக்கைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

“கடலைய ஒவ்வொண்ணாக் கிளறிப் பார்த்தான்ணா. ‘யாருக்குமே இது?’ன்னு கேட்டான். புள்ளைக்குன்னேன். ‘எங்க வேலை பார்க்கறான்?’ன்னான். இன்னா சொல்வேன்? ஆத்துலன்னு சொன்னேன். வுட்டுட்டான்.”

ராஜம்மா சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

ஆடி கழிந்தது. ஆவணியும் கழிந்தது. மழை இல்லை. வட்டக் கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போயிற்று. மோட்டார் சிறிது நேரம் ஓடியதும் காற்றை உறிஞ்சிக்கொண்டு இருமும். ரத்தினம் ஓடிப்போய் நிறுத்துவார். மணல் லாரிகள் தோண்டிய பள்ளங்கள் கிணற்றின் அருகுவரை வந்துவிட்டிருந்தன. வெறுங்குடங்களோடு பெண்கள் அவர் வாசலில் வந்து திட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரிம்மா, சரிம்மா” என்றார்.

புரட்டாசியில் ஊரார் கொடும்பாவி கட்டி இழுக்க முடிவு செய்தனர். எவனோ செய்த பாவத்தால்தான் வானம் பொய்க்கிறது. அந்தப் பாவியைப் போல வைக்கோலால் பொம்மை செய்து, தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஆற்றங்கரையில் கொளுத்தினால் மழை இறங்கும் என்பது நம்பிக்கை. அழுவதற்கென்று வந்த பெண்கள் பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகக் கைகளை வீசிக்கொண்டு போனார்கள். பின்னால் பறை முழங்கியது.

அன்று அமாவாசை. பேருந்தை விட்டு இறங்கிய பாப்பம்மாள் ஊர்வலத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். ஒதுங்கி வழி விடுவாள் என்று பார்த்தால், அவளும் நடக்கத் தொடங்கினாள். தூக்கைத் தரையில் வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அவள் வைத்த ஒப்பாரியில், மற்றப் பெண்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பறைக்காரர்கள்கூட அடியைத் தாழ்த்தினார்கள். வைக்கோல் பொம்மை எரிந்து முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகும், அவள் சாம்பலின் அருகில் உட்கார்ந்திருந்தாள்.

“யாருய்யா அது, நெசமாவே சாவு வுழுந்த மாதிரி?” என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

ரத்தினம் அவள் விட்டுவந்த தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“அந்தப் பாவி நான்தாண்ணா.”

“இன்னாம்மா பேசற?”

“எல்லையம்மன் கோயில்ல மஞ்ச முடிச்சு கட்டி வேண்டிக்கினேன். ஆத்துல தண்ணி வரக் கூடாதுன்னு. வந்துட்டா அவன் பூடுவானே. மாசத்துக்கு ஒரு வாட்டியாவது இங்க வந்து பார்க்கறேன். அதுவும் பூட்டா நான் எங்க போவேன்?” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஊரே தண்ணி இல்லாம தவிக்குது. நீயும் ஏச்சு வாங்கற. எல்லாம் என்னாலதான்.”

ஊருக்குத் தண்ணீர் விடுகிறவரிடம், தண்ணீர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டதாக ஒருத்தி சொல்கிறாள். ரத்தினத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளருகில் குந்தினார்.

“நீ ஒருத்தி வேண்டிக்கினா மழை நின்னுடுமா? அவ்ளோ செல்வாக்கு இருந்தா, முதல்ல என் சம்பளத்தை ஏத்தச் சொல்லி வேண்டிக்கோ.”

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் எழுந்துகொண்டாள்.

கொடும்பாவி கொளுத்தியும் மழை வரவில்லை. அப்போதுதான் பேரூராட்சி உறுப்பினர் பரசுராமன் நாவல் மரத்தைக் கண்டுபிடித்தார். “கரையாத சாம்பலை மரத்துல கட்டித் தொங்கவுட்டா மேகம் எப்படிய்யா எறங்கும்? வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு சட்டி இருக்கக் கூடாது. இருந்துச்சு, உன் வேலை இருக்காது” என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போனார்.

ரத்தினம் எல்லாருக்கும் சொல்லியனுப்பினார். வந்தவர்கள் வேறு வழியின்றி ஊற்றுத் தோண்டிக் கரைத்துவிட்டுப் போனார்கள். பாப்பம்மாள் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“எங்க வேணா வெச்சுக்கோண்ணா. மண்ணைத் தோண்டி மட்டும் மூடாத.”

மரத்தில் வைக்க முடியாது. வீட்டில் ராஜம்மா விடமாட்டாள். ரத்தினம் கலயத்தைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப்போய், வட்டக் கிணற்றின் மேலிருந்த மோட்டார் அறையில், சுவர் மாடத்தில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. எத்தனையோ வெள்ளத்துக்கு அசையாமல் நின்ற கட்டடம் அது. அதைவிடப் பத்திரமான இடம் அந்த ஊரில் வேறில்லை என்று அவர் மனமார நம்பினார்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் கரையில் கூச்சல் கேட்டு ரத்தினம் வெளியே வந்தார். மேற்கே, மணலின் மேல், பழுப்பு நிறத்தில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நெளிந்து நெளிந்து வந்துகொண்டிருந்தது. நடந்து வருகிறவனின் வேகந்தான். முதலில் பள்ளங்களை நிரப்பியது. பிறகு மேட்டைச் சுற்றியது. உச்சிவேளைக்குள் கரைக்குக் கரை தண்ணீர். ஊரே திரண்டு வந்து கற்பூரம் ஏற்றியது. பெண்கள் மஞ்சளும் பூவும் விட்டார்கள். பரசுராமன் தேங்காய் உடைத்து, “சொன்னேனா இல்லையா?” என்றார்.

அன்று முழுவதும், முழங்கால் நீரில் போய்வந்து, மோட்டார் அறையைச் சேற்று நீரிலிருந்து காப்பதே ரத்தினத்துக்கு வேலையாக இருந்தது. மாடத்துக் கலயத்தைப் பார்த்தபோதெல்லாம், நேரில் வந்து சொல்கிறேன் என்ற வாக்கு நினைவுக்கு வந்தது. ‘தண்ணீர் நிலையாகட்டும், அவளை அழைத்து வந்த பிறகு எடுத்துக் கொடுக்கலாம்’ என்று எண்ணி அறையைப் பூட்டினார். மறுநாள் காலையில் பேருந்து ஏறினார்.

ஒரகடத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீர் சாலையை அறுத்திருந்தது. பேருந்து அங்கேயே நின்றுவிட, அவர் நடந்தும், ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டும் சேரப்பணஞ்சேரி போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. தசரதன் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. புதுச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மஞ்சுளாவைப் பெண் பார்க்க மணிமங்கலத்திலிருந்து வந்திருந்தார்கள். துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஆண்டு திரும்புவதற்குள் மணம் முடிக்க வேண்டும். தவறினால் நெடுநாள் தள்ளிப்போடவேண்டும் என்பது அவர்கள் முறை.

வேட்டி சேற்றில் தோய, தலையில் நீர் சொட்டச் சொட்ட நின்றவரைக் கண்டதும் பாப்பம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தசரதனின் முகம் வெளுத்தது. ஆயினும் அவர், “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றார்.

“இவரு யாரு?” என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

“எனக்கு அண்ணன் முறை” என்றாள் பாப்பம்மாள். “வாலாஜாபாத்துல தண்ணி ஆபீஸ்ல கீறாரு.”

“அட, வாலாஜாபாத்தா? பாலாத்துல வெள்ளம் வந்துட்டுதாமே! பஸ்ல ஒரே பேச்சு. நெசமாவா?”

வீட்டுக்காரர் மூவரும் ரத்தினத்தையே பார்த்தார்கள். மஞ்சுளா தலையைக் குனிந்தபடி புடவை நுனியைத் திருகினாள்.

“வந்துட்டுதுங்க” என்றார் ரத்தினம்.

“நல்ல சகுனம்! பொண்ணு பார்க்க வந்த நேரம், ஆத்துல தண்ணி. இன்னாய்யா சொல்றே?” என்று மாமா மாப்பிள்ளையின் தொடையில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரத்தினத்தின் முன் இலையைப் போட்டுக் கேசரி வைத்தாள். அவர் அதைத் தின்றார்.

அவர் புறப்பட்டபோது கொல்லைப்புறம் வரை கூட வந்தாள்.

“நாளைக்கு இருக்குமாண்ணா தண்ணி?”

“இருக்கும்.”

“மொத பஸ்ல வரேன். ரோடு அறுந்திருந்தா நடந்தாவது வரேன். நான் மட்டுந்தான்.” அவள் பின்கதவைச் சாத்தினாள். “இவங்க வராங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே கோயில் முடிச்சை அவுத்துட்டேன். எவ்ளோ நாள்தான் அவனைக் கட்டி வெச்சிக்கிறது? போகட்டும். நான் கிட்ட இருந்து அனுப்பினா போதும்.”

ரத்தினம் ஊர் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரையில் கூட்டமாக இருந்தது. ஆனால் அது முந்தின நாள் பார்த்த கூட்டமன்று; கற்பூரமும் இல்லை, பூவும் இல்லை. ஆற்றின் நடுவே பார்த்தார். வட்டக் கிணறு நின்ற இடத்தில் சுழல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா போயிருந்தே?” என்று பரசுராமன் கத்தினார். “மேல எங்கியோ ஏரி உடைஞ்சு ஒரே மூச்சுல வந்துட்டுதுய்யா! மோட்டார் போச்சு, கெணறு போச்சு, எல்லாம் போச்சு! ஊருக்குத் தண்ணிக்கு இனிமே எங்க போறது?”

ராஜம்மா அவர் கையைப் பற்றி வீட்டுக்கு இழுத்துப்போனாள். “மதியத்துக்கு மேல கொஞ்சம் சாய்ஞ்சுது” என்றாள் தாழ்ந்த குரலில். “மணல் எடுத்த பக்கமாத்தான் சாய்ஞ்சுது. அப்புறம் இல்ல.”

அந்த நேரத்தில், சேரப்பணஞ்சேரியில் அவர் முன்னே இலை விரிந்திருக்கும். இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது.

அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. கரையில் ஏதேனும் ஒதுங்கியிருக்கிறதா என்று இருள் பிரியும் முன்னே ரத்தினம் போய்த் தேடினார்; ஒன்றும் இல்லை. அவர் திரும்பி வந்தபோது, கலங்கல் நீரைக் காய்ச்சி இறக்கிவிட்டு ராஜம்மா அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு வந்து எறங்குமே. இன்னா சொல்லுவே?”

“நடந்ததைச் சொல்றேன்.”

“இந்த வாட்டியும் கிட்ட யாரும் இல்லன்னா?”



ராஜம்மா எழுந்தாள். பரணிலிருந்து, தயிருக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கலயத்தை இறக்கினாள். அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிப் போட்டாள். எந்தக் கலயமும் படியேறக் கூடாது என்று சொல்லிவந்தவள், தன் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து, மஞ்சளில் நனைத்த துணியால் அதன் வாயைக் கட்டினாள்.

“வேணாம்மே. பாவம்.”

“பாவம் எனக்கே இருக்கட்டும். நீ மரத்துல கட்டு.”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றை முடியும்போதே சாலையில் தாம்பரத்துப் பேருந்தின் ஓசை கேட்டது. எப்படியோ வழியைச் சரிசெய்துவிட்டார்கள். நினைத்ததற்கு முன்னரே வண்டி வந்துவிட்டது.

பாப்பம்மாள் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை உடுத்தியிருந்தாள். கையில் அதே தூக்கு. கரைமேல் ஏறியதும் வெள்ளத்தைப் பார்த்தாள். பிறகு, மோட்டார் அறை இருந்த திக்கை நெடுநேரம் பார்த்தாள். கலயம் அங்கேதான் இருந்தது என்பதை அவள் அறிவாள். ரத்தினம் மரத்தில் தொங்கிய கலயத்தைக் காட்டினார்.

“கெணறு போறதுக்கு முன்னமே எடுத்துக் கட்டிட்டேம்மா” என்றார். அவருடைய குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

அவர் கலயத்தை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். இத்தனை மாதங்களில் அவள் அதைத் தொட்டதில்லை. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சூடா கீதுண்ணா” என்றாள்.

ரத்தினம் தரையைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற ராஜம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தூறலில் அங்கே எல்லாப் பொருள்களும் சில்லிட்டிருந்தன. மரம், கயிறு, அவர் கை, எல்லாமே. கலயத்தில் மட்டும் விடியற்காலை நெருப்பின் சூடு மிச்சமிருந்தது.

அவள் மறுபடியும் மோட்டார் அறை இருந்த திக்கைப் பார்த்தாள். கலயத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற ராஜம்மாவைப் பார்த்தாள். கலயத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, “வாடா” என்று அதனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, சரிவில் இறங்கினாள்.

ரத்தினம் பின்னால் போய், வெள்ளம் இழுத்துவிடாதபடி அவள் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். இடுப்பளவு நீரில் நின்று, தூக்கிலிருந்த வேர்க்கடலையை முதலில் விட்டாள். பிறகு கலயத்தை மூழ்கவிட்டாள். அது ஒருமுறை மேலெழும்பிச் சுழன்று, மஞ்சள் துணி மட்டும் சற்று நேரம் தெரிய, வெள்ளத்தோடு போயிற்று. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன சொன்னாள் என்பது நீரின் இரைச்சலில் கேட்கவில்லை.

ஆற்றில் விட்ட பின்னர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பாப்பம்மாள் கரையேறி, நாவல் மரத்தையும், ராஜம்மா நின்ற வாசலையும் கடந்து, நீர் சொட்டச் சொட்டச் சாலையை நோக்கி நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னால் நின்ற ரத்தினத்துக்கு அவள் முகம் தெரியவில்லை.

தையில் மஞ்சுளாவின் திருமணப் பத்திரிகை தபாலில் வந்தது. ரத்தினமும் ராஜம்மாவும் போகவில்லை. அதற்குள் ஆறு பழையபடி மணலாகியிருந்தது; ஊருக்கு லாரியில் குடிநீர் வந்தது; ரத்தினத்தைப் பேரூராட்சி அலுவலகத்துக் கதவருகே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகும் யாராவது கலயத்தோடு வந்து நாவல் மரத்தை விசாரித்தால், அவர் எழுந்துபோய்த் தாமே மணலில் ஊற்றுத் தோண்டிக் கொடுப்பார். மரத்தில் கட்ட மட்டும் விட மாட்டார்.

அமாவாசைகளில், தாம்பரத்துப் பேருந்து வரும் நேரத்துக்கு, ராஜம்மா ஒரு சொம்பு மோரைக் கலக்கி வாசலில் வைப்பாள். வெயில் ஏறும்வரை அது அங்கேயே இருக்கும். பிறகு அவரே எடுத்துக் குடித்துவிடுவார்.